சைகைக் கேப்டன் வீரபாகு

குமாரபாளையத்திலிருந்து பவானிக்குப் போகும் பாலத்தின் இந்தக் கரையில் போன மாதம் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். முட்டை லோடு வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது பார்த்தேன். இருபதடி உயரத்துக்கு வீரபாகு நிற்கிறான். கையில் பேட், தலைக்குப் பின்னால் சூரியன், காலடியில் 'நேர்மையின் மறுபெயரே' என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஃப்ளெக்ஸ் வைத்த முப்பது பேரின் தலைகள், ஒவ்வொன்றும் கூலிங் கிளாஸோடு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் போகச் சொன்னேன். பாலத்தில் நெரிசல். பத்து நிமிஷம் அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் காளிதாஸ். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பம். வீரபாகு கேப்டனாக இருந்த அணியில் ஆறு வருஷம் விக்கெட் கீப்பராக இருந்தேன். அணியின் ரகசியத்தைச் சூதாட்டக்காரர்களுக்குச் சொன்னதாக எனக்கு இரண்டு வருஷத் தடை போட்டார்கள். முடிய இன்னும் ஏழு மாசம் இருக்கிறது. முடிந்தால் மட்டும் என்ன, முப்பத்துமூன்று வயதுக் கீப்பரை யார் கூப்பிடப் போகிறார்கள்.

நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. நம்பாவிட்டால் போகட்டும், என்னை யாராவது காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அதுவும் இல்லை. டீக்கடையில் எவ்வளவு தேறியது என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். சித்தப்பா ஒருவர், வாங்கினதுதான் வாங்கினாய், கொஞ்சம் பெரிதாக வாங்கியிருக்கலாமே என்று தோளில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த ஃப்ளெக்ஸில் நிற்பவனை முழுதாக அறிந்தவன் நான் ஒருத்தன்தான். அவனிடம் என்னென்ன நல்ல குணம் இருந்தது என்று சொல்கிற வேலையும் அதனால் என் தலையிலேயே விழுந்திருக்கிறது. அதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

வீரபாகு நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. சொந்தத் தறி கிடையாது. அப்பா விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டினார், அம்மா முத்தாயம்மாள் அதே கூடத்தில் நூல் சுற்றினார். அப்பா செத்தபோது வீரபாகுவுக்கு ஏழு வயது. அண்ணன் ஜீவானந்தத்துக்குப் பதின்மூன்று. எட்டாவது படித்துக்கொண்டிருந்த ஜீவானந்தம் காரியம் முடிந்த மறுநாளே அப்பா ஓட்டிய அதே நான்கு தறியின் முன்னால் போய் நின்றான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

விசைத்தறிக் கூடத்துக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபது தறி ஒரு கூரைக்கடியில் ஓடினால் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள், கூடத்துக்குக் கூடம் சைகை மாறும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினால், ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் பார். மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார். வயிற்றுக்கு நேரே கையைச் சுருட்டினால் தறியில் கட்டிய பாவு நூல் தீர்ந்தது, வேலை முடிந்தது. ஊர் வம்பு, கல்யாணப் பேச்சு, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது வரைக்கும் கையிலேயே நடக்கும். வீரபாகு வாயால் பேசுவதற்கு முன்னால் கையால் பேசினான் என்று அவன் அம்மா பெருமையாகச் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கூடத்துக்குப் போவான். நூல் மூட்டை மேல் உட்கார்ந்து அண்ணனோடு கையால் வாயாடிக்கொண்டே இருப்பானாம்.

பன்னிரண்டு வயதில் அவனுக்கு முதல் பேட் வந்தது. அண்ணனின் தீபாவளி போனஸ். அந்த வருஷம் ஜீவானந்தம் தனக்குச் சட்டை எடுக்கவில்லை. காவிரி வற்றிக் கிடக்கும் மாதங்களில் மணலில் ஆடி ஆடித்தான் வீரபாகு பேட்டிங் பழகினான். மணலில் பந்து எழும்பாது. அதனால் கடைசிவரை அவன் தாழ்ந்து வரும் பந்தை அடிப்பதில் ராஜா, எழும்பி வரும் பந்துக்குத் தடுமாறுவான். இதை நான் ஆயிரம் தடவை வலைப்பயிற்சியில் சொல்லியிருக்கிறேன்.

பதினேழு வயதிலேயே அவன் காசுக்குக் கேப்டனாகப் போக ஆரம்பித்துவிட்டான். எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்துப் போட்டிகளில் இது ஒரு வழக்கம். ஜலகண்டாபுரத்தில் ஓர் அணி, பனமரத்துப்பட்டியில் ஓர் அணி என்றால் கேப்டனை மட்டும் வெளியூரிலிருந்து கூலி பேசிக் கூட்டி வருவார்கள். உள்ளூர்க்காரன் கேப்டனாக இருந்தால் என் மகனை ஏன் எடுக்கவில்லை, மச்சானுக்கு ஏன் பவுலிங் தரவில்லை என்று அங்காளி பங்காளிச் சண்டை வந்துவிடும். வெளியாள் என்றால் தோற்ற பழியை அவன் தலையில் கட்டி பஸ் ஏற்றி அனுப்பிவிடலாம். வீரபாகுவை மட்டும் எந்த ஊரும் பழி சொல்லி அனுப்பியதில்லை. தோற்றாலும் யார் மனதும் நோகாமல் பேசுவான். கேட்ச் விட்டவனின் அப்பாவிடம் போய், வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்பான். மேகம் மூடிக் கிடக்கிற நாளிலும் அதையேதான் சொல்வான். அன்றைக்கு நாங்கள் அதைப் பெரிய குணம் என்று நினைத்தோம். எனக்கு இப்போதுதான் அதன் நாற்றம் தெரிகிறது.

பிறகு திருச்செங்கோட்டில் கல்லூரி அணிக்குக் கேப்டன், சென்னையில் ஒரு கம்பெனி அணிக்குக் கேப்டன். அப்புறம் ரிக் முதலாளிகளும் ஜவுளி முதலாளிகளும் சேர்ந்து ஆறு அணிகளை வைத்து இருபது ஓவர் லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதில் எங்கள் அணிக்குச் சொந்தக்காரர் குமரகுரு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி பதினொன்று வைத்திருந்தார். அணிக்குத் திருமணிமுத்தாறு வாரியர்ஸ் என்று பெயர் வைத்தார். அந்த ஆற்றில் ஓடுவது சாக்கடைதான் என்பது சேலத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு நாங்கள் ஆடினோம்.

குமரகுருவுக்குக் கிரிக்கெட் தெரியாது. தெரியாதது குற்றமில்லை, தெரிந்த மாதிரி நடந்துகொள்வார். முதல் வருஷம் முதல் போட்டிக்கு முன்னால், கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கும் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஆடுகளத்தின் மேல் நடந்தார். தேங்காய் எழுந்து நின்றால் கீழே ஈரம், முதலில் பந்து வீச வேண்டுமாம். டிவி கேமராக்காரர்கள் சிரித்துக்கொண்டே படமெடுத்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. வீரபாகு அந்தத் தேங்காய்க்காரருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தான். தேங்காய் நின்றது. டாஸ் ஜெயித்து பவுலிங் எடுத்தான். ஆடுகளம் காய்ந்து கருவாடாகக் கிடந்தது, நூற்றுத் தொண்ணூறு ரன் கொடுத்தோம். ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். முதலாளி மனசு நோகக் கூடாதல்லவா என்றான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மைதானத்துக்குள் அவனைப் போல ஒரு கேப்டன் கிடையாது. ஆறு வருஷத்தில் ஒருவனையும் அவன் திட்டி நான் பார்த்ததில்லை. பவுலர்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவான். லெக் ஸ்பின் போடும் சபரிநாதனின் விரல் தோலுரிந்தால், தானே உட்கார்ந்து மருந்து போட்டுக் கட்டுவான். நான் அவனுக்காக மூக்கை உடைத்துக்கொண்டதுண்டு, விரலை முறித்துக்கொண்டதுண்டு. அவன் சொல்லியிருந்தால் பல்லையும் கொடுத்திருப்பேன்.

சைகை மைதானத்துக்கு வந்தது இப்படித்தான். லீக்கில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில்கூட ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். மேளம் வேறு. தறிக்கூடம் தோற்றுவிடும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய வீரபாகு, இரண்டாம் வருஷத்தில் என்னைப் பிடித்துத் தறிச் சைகையைக் கற்றுக்கொடுத்தான். ஒரு மாதம் பிடித்தது. பவுலர்களுக்கு நான்கைந்து சைகை மட்டும் தெரியும். அடுத்த இரண்டு ஓவர் யார் போடுவது, யாரை எங்கே நிறுத்துவது, எந்த பேட்ஸ்மேனுக்கு என்ன பொறி என்கிற முழுப் பேச்சும் எங்கள் இரண்டு பேருக்குள்தான். அவன் மிட் ஆஃபில் நின்று கையை ஆட்டுவான், நான் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பதில் சொல்வேன், ஓவர் முடிந்து நடக்கும்போது பவுலரிடம் சொல்லிவிடுவேன். எதிரணிகள் மண்டையை உடைத்துக்கொண்டன. அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கோப்பை எங்களுக்கு. பத்திரிகைக்காரர்கள் அவனுக்குச் சைகைக் கேப்டன் என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணனுக்கு அவன் குமாரபாளையத்தில் ஒரு மளிகைக் கடை வைத்துக் கொடுத்தான். இருபத்திரண்டு வருஷம் நின்ற கால் இனி உட்காரட்டும் என்றான். ஒவ்வொரு போட்டிக்கும் அண்ணனுக்கு ஒரு பாஸ் உண்டு. ஜீவானந்தம் கடையைச் சாத்திவிட்டு வந்து, தம்பியின் முகம் தெரிகிற பக்கமாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்.

ஆறாவது வருஷம் நடுவில் லீக்கின் கண்காணிப்புக் குழு எங்கள் அணியைக் கூப்பிட்டது. எங்கள் அடுத்த ஓவரை யார் போடப்போகிறார் என்று வெளியே பந்தயம் கட்டுகிறார்கள், நான்கு போட்டிகளாக ஒரு கூட்டம் மட்டும் தவறாமல் ஜெயிக்கிறது என்றார்கள். பவுலருக்கே தெரிவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறதாம். உள்ளேயிருந்துதான் போகிறது, சீசன் முடிந்ததும் விசாரணை, குற்றவாளிக்குத் தடை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்கூட்டியே தெரிந்தவர்கள் வீரபாகுவும் நானும் மட்டும்தான். ஆக, எங்கள் இருவரில் ஒருவன் பெயர் நாறப்போகிறது. என்னிடம் அந்தப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. என் பேட்டிங் சராசரி பதினாலு.

யாரென்று நான் கண்டுபிடித்தது அடுத்த போட்டியில். எதிரணி எட்டு விக்கெட் போய் ஈயடித்துக்கொண்டிருந்தது. சலிப்பில் நான் வீரபாகுவைப் பார்த்து வயிற்றுக்கு நேரே கையைச் சுருட்டி, பாவு தீர்ந்தது, ஊருக்குப் போகலாம் என்று ஜாடை காட்டினேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், பார்க்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் முன்வரிசையில் ஜீவானந்தம் தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஆள் குனிந்து என்னவென்று கேட்க, இவர் கையைச் சுருட்டிக் காட்டி விளக்கம் சொன்னார். அந்த ஓவர் முடியும்போது வீரபாகு திரும்பி, அடுத்தது சபரிநாதன் என்று கை காட்டினான். நான் சபரிநாதனிடம் போவதற்குள் அங்கே ஜீவானந்தம் அந்த ஆள் பக்கம் குனிந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி போனைக் காதில் வைத்தது.

போட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது வீரபாகுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சங்ககிரி மலை தெரிகிற வரைக்கும் அவன் முன் சீட்டுக் கம்பியைத் தேய்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காளி, இத நீ சொல்லாத. விசாரணைல நானே சொல்லிக்கிறேன். என்ற அண்ணனப் பத்தி வெளியாளு சொல்லி எங்கம்மா கேக்கக் கூடாது."

"நீ சொல்லலீன்னா எம்பேருதான் வரும் பாகு."

"சொல்றேன்னு சொல்றேனல்லோ."

ஆறு வருஷமாக அவன் கையைப் பார்த்தே பழகியவன், அவன் வாயை நம்பினேன்.

சீசன் முடிந்து, சேலத்தில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில் விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவர். முந்திரி பக்கோடாவும் காபியும் வந்துகொண்டே இருந்தன. ஓரத்தில் குமரகுரு, கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீரபாகுவின் படத்தைப் பதினொரு ரிக் வண்டியிலும் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார் மனிதர். கதவுக்கு வெளியே தம்பிக்குத் துணையாக ஜீவானந்தம் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் எங்கள் கைகள் ஆடுவதைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு சைகைக்கும் வீரபாகு பணிவாக அர்த்தம் சொன்னான். தலைவர் வியந்து வியந்து கேட்டார். பிறகு இந்தப் பாஷை உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்றார்.

"டீம்ல காளிதாஸுக்கு மட்டுந்தாங்க" என்றான் வீரபாகு.

அது உண்மைதான். அடுத்த வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். டம்ளரை மெதுவாக வைத்தான். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டான். வரவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளைத் தொப்பி, பாவு தீர்ந்த சைகை, தொடையைத் தட்டிய சிரிப்பு, ஒன்று விடவில்லை. அவர் தறி ஓட்டினவர், குமாரபாளையத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும் என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. மாட்டிக்கொண்டவன் அடுத்தவனைக் காட்டிக் கொடுப்பது போலவே இருந்தது. தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீரபாகுவைப் பார்த்தார்.

"எங்கண்ணன் தறிக்கே போனதில்லீங்க. மளிகைக் கடை வெச்சிருக்காருங்க. அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."

ஜீவானந்தத்தை உள்ளே கூப்பிட்டார்கள். தறிச் சத்தத்தில் காது மந்தமான மனிதர், தலைவரின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தறி ஓட்டியிருக்கிறீர்களா, உங்கள் தம்பி போனதில்லை என்கிறாரே என்று தலைவர் கேட்டார். அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். வீரபாகு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லீங்க என்று சொல்லிவிட்டு ஜீவானந்தம் வெளியே போனார். அந்த மனிதரின் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று மூன்று பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கோடா ஆறிப்போகும் என்று தோன்றியிருக்கும். உங்கள் பக்கம் சாட்சி இருந்தால் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார்கள். குமரகுரு வீரபாகுவின் முதுகில் தட்டிக்கொண்டே லிஃப்ட்டுக்குப் போனார்.

அந்த ஒரு வாரமும் நான் குமாரபாளையத்துத் தெருக்களில் நாயாக அலைந்தேன். ஜீவானந்தம் நின்ற கூடத்துக்கே போனேன். அவர் பக்கத்துத் தறியில் பதினைந்து வருஷம் ஓட்டியவரைக் கண்டுபிடித்தேன். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, நீங்கள் பண்ணைக்காரர், எப்படியும் பிழைத்துக்கொள்வீர்கள், அந்தப் பையன் எங்கள் ஊருக்கு வந்த ஒரே பெயர் என்றார். தறி முதலாளி சம்பள நோட்டு எல்லாம் எடைக்குப் போட்டாயிற்று என்றார். வீரபாகுவின் அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பொய்யை ஒருவன் சொன்னான், ஒரு ஊரே சேர்ந்து அதற்குக் காவல் நின்றது. எனக்கு அந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கவே பிடிக்கவில்லை.

கடைசி நாள் பதினொரு மணி வாக்கில் நேராக ஜீவானந்தத்தின் கடைக்கே போய்விட்டேன். அவர் ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், என் பெயர் மிஞ்சும். வேறு வழியும் இல்லை. கடையில் ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் மனிதர் எழுந்து, வாங்க தம்பி, உட்காருங்க என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புது ஃப்ரிட்ஜ் நின்றது. அதிலிருந்து ஒரு கலர் சோடா எடுத்து உடைத்துக் கையில் கொடுத்தார்.

நான் கேட்காமலே சொன்னார். வெள்ளைத் தொப்பிக்காரன் முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். உங்கள் தம்பி கையால் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறான். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது போட்டி முடிந்ததும் இந்த ஃப்ரிட்ஜ் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது. எதற்கு என்று இவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. என் பெயரை ஒரு ஃப்ரிட்ஜுக்கு விற்ற கதையை, அதிலிருந்து எடுத்த கலரைக் குடித்துக்கொண்டே நான் கேட்டேன். குடித்தும் தொலைத்தேன். வெயிலில் நடந்து வந்திருந்தேன்.

குழுவில் வந்து இதை மட்டும் சொல்லுங்கள் அண்ணா, இன்றைக்குச் சாயங்காலத்தோடு எனக்குத் தவணை முடிகிறது என்று கெஞ்சினேன். கையைக்கூடக் கூப்பினேன் என்று நினைக்கிறேன். அவர் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. கல்லாப்பெட்டி மேல் இரண்டு கையையும் மல்லாக்க விரித்தார். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த கோடு. வலது கை நடுவிரலில், தறியில் நசுங்கி நகம் முளைக்காமல் போன மொட்டை.

"தறிக்கே போவலையாமா நானு" என்றார். "அத்தன பேரு முன்னால சொல்லீட்டான் தம்பி. என்ற வாயாலயும் சொல்ல வெச்சுட்டான்."

உதடு கோணியது. அப்புறம் அழ ஆரம்பித்தார். சின்னக் குழந்தை போல, மூக்கு வழிய, கடை வாசலைப் பற்றிய கவலையே இல்லாமல் அழுதார். பதின்மூன்று வயதிலிருந்து நின்றது, அந்த பேட், எடுக்காத தீபாவளிச் சட்டை, எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். நான் பொறுத்திருந்து, அதையே வந்து சொல்லுங்கள், உங்கள் பெயரும் நிற்கும், என் பெயரும் நிற்கும் என்றேன்.

அவர் வேட்டி முனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"அதெப்புடிங்க தம்பி? இனி நான் தறிக்குப் போனேன்னு சொன்னா, என்ற தம்பி பொய் சொன்னான்னு ஆயிருமல்லோ."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து மறுபடி அழுதார். அவருக்குத் தம்பி செய்த துரோகம் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு நடந்தது என்ன என்று ஒரு நிமிஷம்கூட அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. உப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நான் அந்த மனிதரின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். விடுங்கண்ணா, அவன் வேண்டுமென்று சொல்லியிருக்கமாட்டான், அந்த நேரத்துக்கு வாயில் அப்படி வந்துவிட்டது, உங்கள் அருமை அவனுக்குத் தெரியாதா என்றேன். அவர் அழுகை அடங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் எல்லாரையும்விட, அன்றைக்கு அப்படி நின்ற என்னை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.